சிரிக்க வைத்த நாலாங்கிளாஸ்காரர்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று மாணவர் பேரவையில் கேட்டபோது நான் ரொம்ப யோசிக்கவில்லை. நம்ம பசங்க டிபன் பாக்ஸைத் திறந்தால் பேச்சு சினிமாதான். அதிலும் காமெடிதான். எந்தப் படத்துக் காமெடி பிரமாதம், எது அறுவை என்று பட்டிமன்றமே நடக்கும். செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின நாள்கூட அந்தப் பட்டிமன்றம் நிற்பதில்லை! ஆகவே பார்க்க வேண்டிய சிரிப்புப் படங்களைப் பற்றியே எழுதலாம் என்று தீர்மானித்தேன்.

ஆனால் வெறும் பட்டியல் போட்டால் அது தியேட்டர் சுவரொட்டி மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். படங்கள் தானாக அதற்குள் வந்துவிடும். அவர் நம்மைப் போல டிப்ளமோகூட படிக்காதவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் ஒரு மாநிலத்தையே சிரிக்க வைத்து, சிரிப்போடு சேர்த்துப் பாடமும் நடத்தியவர். அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

கருப்பு வெள்ளைக் காலத்து ஆள் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் எந்தப் படத்திலிருந்து ஆரம்பிப்பது என்றும் சொல்லித் தருகிறேன்.

ஒழுகினசேரிப் பையன்

1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். அந்தக் காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல்தான் அது நம் மாநிலத்தோடு சேர்ந்தது. கலைவாணர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வீட்டில் வறுமை. நாலாம் வகுப்புக்கு மேல் படிக்க வைக்க வசதியில்லை. டென்னிஸ் விளையாடுகிற பெரிய மனிதர்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டார் என்றும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார் என்றும் சொல்வார்கள். கொட்டகையில் விற்கப் போன பையனுக்கு விற்பனையைவிட மேடைமேல்தான் கண். அந்தப் பக்கத்து வில்லுப்பாட்டும் அவர் மனதில் பதிந்தது. நம்ம ஊரில் தெருக்கூத்து எப்படியோ, தென்கோடியில் வில்லுப்பாட்டு அப்படி. ஒரு பெரிய வில்லில் மணி கட்டி, அதைத் தட்டிக்கொண்டே கதை சொல்வார்கள். கதைக்கு நடுவே ஊர்நடப்பையும் கிண்டல் செய்வார்கள். பிற்காலத்தில் காந்தியடிகளின் வரலாற்றையே கலைவாணர் வில்லுப்பாட்டாகப் பாடினார் என்றால், அதற்கு விதை இந்தச் சின்ன வயதில் விழுந்ததுதான்.

பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நாடகக் கம்பெனி என்றால் நம்ம ஹாஸ்டல் மாதிரி. பையன்கள் எல்லாரும் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே பாடம் கற்க வேண்டும். ஊர் ஊராகப் போக வேண்டும். கிருஷ்ணன் அங்கே நகைச்சுவை வேடம் மட்டும் போடவில்லை. எந்த நடிகருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த வேடத்தைப் போட இவர் தயாராக இருப்பார். நாடகம் முழுவதும் மனப்பாடம்! ஒரு மெஷினில் மட்டும் வேலை தெரிந்தவனுக்கும், ஷாப்பில் உள்ள எல்லா மெஷினையும் ஓட்டத் தெரிந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியுமே... கிருஷ்ணன் இரண்டாவது ரகம்.

திரைக்கு வந்தார்

அப்போதுதான் தமிழ் சினிமா பேச ஆரம்பித்திருந்தது. டி.கே.எஸ். நாடகமான 'மேனகா' 1935-இல் படமானபோது கிருஷ்ணனும் அதில் நடித்தார். அடுத்த வருஷம் 'சதி லீலாவதி' வந்தது. கதை எஸ்.எஸ்.வாசன் எழுதியது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழே தெரியாது! எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். ஆக, பிற்காலத்தில் நாடாண்ட ஒருவரும், நாட்டைச் சிரிக்க வைத்த ஒருவரும் ஒரே படத்தில் வாய்ப்புக்காக நின்றிருக்கிறார்கள்.

அதே 1936-இல் 'வசந்தசேனா' படத்துக்காகப் பூனாவுக்குப் போனார்கள். அங்கேதான் டி.ஏ.மதுரத்தைக் கிருஷ்ணன் சந்தித்தார். வேலைக்குப் போன இடத்தில் கம்பெனிக்குப் பணமுடை. குழுவினரின் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு வந்தபோது, மதுரத்திடம் பணம் வாங்கி எல்லோருக்கும் கிருஷ்ணன் செலவு செய்தார் என்று சொல்வார்கள். கடைசியில் கடன் கொடுத்தவரையே கல்யாணமும் செய்துகொண்டார்!

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கிருஷ்ணனுக்கு அதற்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. அதை மறைத்துத்தான் மதுரத்தை மணந்தார். பெரிய மனிதர் வாழ்க்கை என்றால் எல்லாமே பொன்னெழுத்து என்று நான் எழுத மாட்டேன். அது சரியில்லாத காரியம்தான். ஆனால் உண்மை தெரிந்த பிறகும் மதுரம் அந்தக் குடும்பத்தைத் தாங்கினார். பின்னால் வந்த பெரிய சோதனையில் கணவரைக் காப்பாற்றியதும் அவர்தான். அதனால் கலைவாணர் கதையைச் சொல்கிறவர்கள் மதுரத்தின் பெயரை அடிக்குறிப்பில் தள்ளிவிடக் கூடாது. நாகர்கோவிலில் கட்டிய வீட்டுக்குக் கலைவாணரே 'மதுர பவனம்' என்றுதான் பெயர் வைத்தார்.

சிரிப்புக்கென்று ஒரு தனி ஒர்க்ஷாப்

1937-இல் 'அம்பிகாபதி', 1939-இல் 'திருநீலகண்டர்', 1940-இல் 'சகுந்தலை', 1944-இல் 'ஹரிதாஸ்' என்று பெரிய படங்களில் எல்லாம் கிருஷ்ணன் – மதுரம் ஜோடி இருந்தது. கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர் என்றால், சிரிப்புக்கு என்.எஸ்.கே. என்பது எழுதாத சட்டம்.

இங்கே ஒரு தொழில் ரகசியம். அந்தக் காலத்தில் பல படங்களில் கதை ஒரு பக்கம் ஓடும், காமெடி ஒரு பக்கம் ஓடும். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. கிருஷ்ணன் தனக்கென்று ஒரு குழு வைத்திருந்தார். புளிமூட்டை ராமசாமி போன்ற நடிகர்கள் அதில் இருந்தார்கள். காமெடிப் பகுதியை அவரே யோசித்து, குழுவுக்குச் சொல்லிக்கொடுத்து, தயார் செய்து கொடுப்பார். படக் கம்பெனிக்காரர் அதை வாங்கிப் படத்தில் சேர்த்துக்கொள்வார். நம்ம பாஷையில் சொன்னால் சப்-அசெம்ப்ளி! தனியாகச் செய்து, சோதித்துப் பார்த்து, மெயின் மெஷினில் மாட்டுவது.

தனியாகச் செய்ததால் அவருக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. புராணப் படமாக இருந்தாலும் அதற்குள் நிகழ்காலத்தைக் கொண்டுவந்துவிடுவார். குடிப்பழக்கம், மூடநம்பிக்கை, சாதி வித்தியாசம், வட்டிக்காரர் தொல்லை எல்லாம் அவர் காமெடிக்குள் வரும். உடுமலை நாராயணகவி அவருக்கு எழுதிய பாட்டுகளில் ஒன்று விஞ்ஞானத்தைப் பற்றியது. கணவனும் மனைவியும் பாடுவார்கள். பொத்தானை அமுக்கினால் டிபன் வந்து நிற்க வேண்டும் என்கிற அளவுக்கு ஆசை போகும். மக்கள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் இந்த ஆசை! இன்றைக்கு நம்ம லேபில் பி.எல்.சி. போர்டில் பொத்தானை அமுக்கிக் கன்வேயரை ஓட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டு ஞாபகம் வரும்.

இந்த இடத்தில் சார்லி சாப்ளினைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'சதி லீலாவதி' வந்த அதே 1936-இல்தான் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' வந்தது. கன்வேயர் பெல்ட்டில் வரும் நட்டுகளை ஸ்பானரால் முறுக்கி முறுக்கி, வேலை முடிந்தபிறகும் கை முறுக்கிக்கொண்டே இருக்கும். பொத்தானை அமுக்கினால் சோறு ஊட்டுகிற மெஷின் ஒன்று அந்தப் படத்திலும் வருகிறது. ஆனால் அது தொழிலாளியின் சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க முதலாளி பார்க்கிற மெஷின். அது கோளாறாகி அவர் முகத்திலேயே சாப்பாட்டை அப்பிவிடும். மெஷின் வந்தால் வேலை சுலபமாகும் என்று நம்மவர் பாடினார். மெஷின் யாருக்காக ஓடுகிறது என்று அவர் கேட்டார். இரண்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நாளைக்கு அந்தக் கன்வேயர் பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள் நாம்தான்!

சிரிப்பு நின்ற காலம்

எல்லோருக்கும் மேடு வந்தால் பள்ளமும் வரும். கலைவாணருக்கு வந்தது பள்ளம் அல்ல, பாழுங்கிணறு.

சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் பத்திரிகை நடத்தி, சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை எழுதிவந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அந்தக் கொலைச் சதியில் பங்கு என்று பாகவதர், கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோரும் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தோற்றது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை கைதட்டிய ஊர். இன்றைக்குக் கைதி. நாம் ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலே உலகம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடுகிறோம்...

மதுரம் உட்காரவில்லை. வழக்குக்குப் பணம் வேண்டும். நம்பியிருந்த குழுவினருக்குச் சோறு வேண்டும். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். 'பைத்தியக்காரன்' என்ற படத்தையும் எடுத்தார்கள். விதவை மறுமணத்தை ஆதரிக்கும் கதை. வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. அங்கிருந்து மறுபடியும் விசாரிக்கும்படி சென்னைக்கே திரும்பி வந்தது. எத்திராஜ் வாதாடினார். சென்னையில் பெண்கள் படிப்பதற்காகக் கல்லூரி தொடங்கினாரே, அதே எத்திராஜ்தான். 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள்.

வெளியே வந்த இருவர் கதையும் இரண்டு விதமாகப் போனது. பாகவதருக்குப் பழைய செல்வாக்கு திரும்பவே இல்லை. 1959-இல் மறைந்தார். கிருஷ்ணனோ வந்தவுடன் 'பைத்தியக்காரன்' படத்தில் தன் பங்குக்கு நடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்க்கையைப் பறிகொடுத்தவர் திரும்ப வந்து கசப்பையா கொட்டினார்? சிரிப்பைத்தான் கொடுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே இந்த இடத்தில்தான்.

நல்ல தம்பியும் கிந்தனாரும்

1949-இல் 'நல்ல தம்பி' வந்தது. அறிஞர் அண்ணா எழுதினார். கிருஷ்ணன் – பஞ்சு இயக்கினார்கள். கலைவாணர்தான் கதாநாயகன். ஹாலிவுட்டில் 1936-இல் வந்த ஒரு படத்தின் தூண்டுதலில் எழுதிய கதை என்றாலும், பார்த்தால் நம்ம ஊர்க் கதையாகவே இருக்கும். எதிர்பாராமல் ஜமீன் சொத்து ஒரு வெள்ளந்தி மனிதனுக்கு வருகிறது. அவன் அதை வைத்துக்கொண்டு சுகமாக இருக்காமல் மதுவிலக்கு, ஊர் நன்மை என்று இறங்கிவிடுகிறான். சுற்றியிருப்பவர்களுக்கு இவன் பைத்தியமோ என்று சந்தேகம் வருகிறது!

இந்தப் படத்தில்தான் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் இருக்கிறது. நந்தனார் கதை நம் எல்லோருக்கும் தெரியும். சிதம்பரம் போய்ச் சாமி கும்பிட ஆசைப்பட்டு, போக விடாமல் தடுக்கப்பட்டவர். உடுமலை நாராயணகவியும் கலைவாணரும் அந்தக் கதையை அப்படியே திருப்பிப் போட்டார்கள். கிந்தன் என்கிற ஒடுக்கப்பட்ட குலத்துப் பையனுக்குக் கோயிலுக்குப் போக ஆசையில்லை. படிக்க ஆசை. ஊரில் வழியில்லை. பட்டணம் போகிறான். படிக்கிறான். கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறான். நந்தனார் நெருப்பில் இறங்கித்தான் சிதம்பரத்தை அடைந்தார். கிந்தனாருக்குப் புத்தகம் போதும்.

நடுவில் ரயில் வருகிறது. எல்லாச் சாதிக்காரரையும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் உட்கார வைக்கிற ரயிலைக் கலைவாணர் கொண்டாடுவார். கரி வண்டியின் சத்தத்தையும் வாயாலேயே காட்டிவிடுவார். விழுப்புரம் – காட்பாடி பாதையில் நம்ம போளூர் ஸ்டேஷனிலிருந்து ஏறி வருகிற நண்பர்கள் இதைப் பார்த்தால், தினமும் இடம்பிடிக்கச் சண்டை போடுகிற அந்தப் பெட்டியை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். கைநாட்டு. அம்மாவுக்குப் பேருந்தின் பலகையைப் படிக்கத் தெரியாது, வண்டியின் கலரைப் பார்த்து ஏறுவார். அதனால் கிந்தனார் எனக்கு வெறும் காமெடி இல்லை. முதல் தடவை பார்த்தபோது பாதி நேரம் சிரித்தேன், மீதி நேரம் சிரிக்க முடியவில்லை.

கொடுத்தே காலியான கை

1951-இல் 'மணமகள்' படத்தைக் கலைவாணரே இயக்கினார். கலைஞர் கருணாநிதி எழுதினார். பத்மினிக்குத் தமிழில் பெயர் வாங்கிக் கொடுத்த படம். அதே 1951-இல் இந்தியத் திரைக்கலைஞர்கள் குழுவோடு சோவியத் நாட்டுக்கும் போய்வந்தார். 1952-இல் 'பணம்'. சிவாஜி கணேசன் 'பராசக்தி'க்கு அடுத்து நடித்த படம் அது. விஸ்வநாதன் – ராமமூர்த்தி ஜோடியாக இசையமைத்த முதல் படமும் அதுதான். இளம் ஆட்களைக் கைதூக்கி விடுவதில் அவருக்கு ஈடில்லை.

பணம் வந்த வேகத்தில் போனது. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. நாகர்கோவிலில் காந்தியடிகளுக்கு நினைவுத் தூண் தன் செலவில் எழுப்பினார். கடைசிக் காலத்தில் கையில் ஒன்றுமில்லை. அப்போதும் கொடுப்பதை நிறுத்தவில்லை என்றுதான் அவரோடு பழகியவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். இதை நாம் அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம்ம வீடுகளில் நாலு காசு சேர்த்தால்தான் அடுத்த தம்பிக்கு ஃபீஸ் கட்ட முடியும். ஆனாலும் பணம் இருந்தபோதும் இல்லாதபோதும் ஒரே மனிதராக இருந்தாரே, அது சாதாரணமா?

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா நின்றார். எதிரில் நின்றவர் அந்த ஊரில் நல்ல பெயரெடுத்த டாக்டர். பிரசாரத்துக்குப் போன கலைவாணர், அந்த டாக்டரின் கைராசியையும் நல்ல மனதையும் புகழ்ந்துகொண்டே போனாராம். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், இவ்வளவு நல்ல டாக்டரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு ஊரில் நோயாளிகள் என்ன செய்வார்கள், அதனால் அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தார் என்று சொல்வதுண்டு. எதிராளி மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. கூட்டமோ சிரித்துச் சாய்ந்தது.

அதே 1957-இல், ஆகஸ்டு 30-ஆம் நாள், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கலைவாணர் காலமானார். வயது நாற்பத்தெட்டுதான். அவர் நடித்த 'அம்பிகாபதி' அவர் மறைந்த பிறகே திரைக்கு வந்தது. மதுரம் 1974-இல் மறைந்தார். முதலமைச்சரான அண்ணா, நோயோடு இருந்த நிலையிலும், 1969 ஜனவரியில் தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறந்துவைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுதான். சென்னை வாலாஜா சாலையில் கலைவாணர் பெயரில் அரங்கம் இருக்கிறது. 2016-இல் அது புதுக் கட்டடமாகத் திறக்கப்பட்டது. கொரோனா காலத்தில் சட்டமன்றமே அங்கே கூடியது. நாலாங்கிளாஸ்காரர் பெயரிலுள்ள மண்டபத்தில் நாட்டுக்குச் சட்டம் பேசினார்கள்!

சரி, எதைப் பார்க்கலாம்?

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். பழைய படம் என்றால் முதல் பத்து நிமிஷம் தூக்கம் வரும். ஒலியும் கரகரவென்று இருக்கும். அதற்காக ஒரு வரிசை சொல்கிறேன்.

முதலில் 'ராஜா ராணி' (1956). சிரிப்பு எத்தனை வகை என்று கலைவாணர் பாடியே, ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டுவார். ஐந்து நிமிஷம் போதும், அவர் யார் என்று தெரிந்துவிடும். என் ஆயாவுக்கு இதை செல்போனில் போட்டுக் காட்டினேன். சின்ன வயதில் டென்ட் கொட்டாயில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து 'மதுரை வீரன்' பார்த்தவர். பொக்கை வாயோடு அவர் சிரித்ததில் என் தங்கையும் சிரிக்க, எதற்கென்று தெரியாமல் அப்பாவும் சிரித்தார். மூன்று தலைமுறைக்கும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து பார்க்கிற காமெடி எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்?

இரண்டாவது 'முதல் தேதி' (1955). சம்பளம் வந்த நாளில் ராஜா, மாசக் கடைசியில் கடன்காரன் என்கிற பாட்டு இதில் உண்டு. ஸ்காலர்ஷிப் பணம் வந்த வாரம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் பாருங்கள்!

மூன்றாவது 'மதுரை வீரன்' (1956), 'சக்கரவர்த்தித் திருமகள்' (1957). எம்.ஜி.ஆர். படமாகவும் ஆயிற்று, கலைவாணர் காமெடியாகவும் ஆயிற்று. இரண்டாவதில் இருவருக்கும் நடக்கிற கேள்வி பதில் பாட்டுப் போட்டியைத் தவற விடாதீர்கள்.

நான்காவது 'சகுந்தலை' (1940). எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த படம். கலைவாணரும் டி.எஸ்.துரைராஜும் மீனவர்களாக வந்து அடித்துக்கொள்வதை மட்டுமாவது பாருங்கள்.

ஐந்தாவது 'நல்ல தம்பி' (1949). மேலே உள்ளதை எல்லாம் பார்த்துப் பழகிய பிறகு இதைப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக ஒதுக்குங்கள். கடைசியாக, எந்த மொழியும் தேவைப்படாத 'மாடர்ன் டைம்ஸ்'. மெக்கானிக்கல் பசங்களுக்கு அது பாடத்திட்டத்திலேயே வைக்க வேண்டிய படம்.

எதற்குச் சிரிக்கிறோம்?

இத்தனையும் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது ஒரு செமினாரில் எழுந்து பேசினேன். ஜவ்வாது மலை அடிவாரத்துப் பேச்சு என் வாயில் தானாக வந்தது. 'இன்னா', 'கீது', 'வந்துக்கினு' எல்லாம் வந்தது. சர்க்யூட் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் வகுப்பு சிரித்தது சர்க்யூட்டுக்கு அல்ல. அதன்பிறகு ஒருவர் ரொம்ப நாள் என் பேச்சை மிமிக்ரி செய்துகொண்டே இருந்தார். மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற நண்பனுக்கு இதைவிடக் கூடுதல். அவன் இரண்டு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. தெரியாத கேள்விக்கு மட்டுமல்ல, தெரிந்த கேள்விக்கும்.

கேட்டால் சும்மா காமெடிக்கு என்பார்கள். பஸ்ஸில் போடுகிற காமெடியைப் பாருங்கள். ஒருவன் கருப்பாக இருந்தால் சிரிப்பு, குண்டாக இருந்தால் சிரிப்பு, திக்கிப் பேசினால் சிரிப்பு, ஒருவன் அறை வாங்கினால் பெரிய சிரிப்பு. அதைத்தானே நாமும் வகுப்பில் ஒப்பிக்கிறோம்? நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. நானும் அந்தக் காமெடியைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் அதற்கு ஒரு மாற்று இருக்கிறது, அது இன்றைக்கு நேற்று வந்ததல்ல, எழுபது எண்பது வருஷமாக நம் கையிலேயே இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

கலைவாணர் முட்டாளாக நடிப்பார், ஆனால் அந்த முட்டாள் அவரேதான். அடி வாங்க வேண்டுமென்றால் தானே வாங்கிக்கொள்வார். அவர் கிண்டல் மேலே இருப்பவனின் ஆணவத்தின்மீது விழும், கஞ்சனின்மீது விழும், மூடப் பழக்கத்தின்மீது விழும். படிக்க ஆசைப்படுகிற கிந்தன்மீது விழாது. நாலாம் வகுப்போடு நின்றவருக்கு, படிக்க வருகிறவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. டிப்ளமோ வாங்கப் போகிற நமக்குத் தெரிய வேண்டாமா?

நண்பர்களே, இந்த ஆண்டு மலர் உங்கள் கைக்கு வரும்போது புதிதாக முதலாம் ஆண்டு மாணவர்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் எழுந்து பேசும்போது நம்ம வகுப்பு எப்படிச் சிரிக்கும் என்பது நம் கையில்தான் இருக்கிறது. ஆடிட்டோரியத்தில் புரொஜெக்டர் இருக்கிறது. புதுமுக மாணவர் வரவேற்பு நாளில் பேரவை சார்பில் 'நல்ல தம்பி'யைத் திரையிட வேண்டும் என்று இக்கட்டுரை மூலம் கேட்டுக்கொள்கிறேன். பெஞ்சு தூக்கிப் போட நான் வருகிறேன். மலைக்கார நண்பனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வாழ்க கலைவாணர் புகழ்!

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை